நெருப்புக்குப் பச்சை பிடிக்காது

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், தங்கை மகள் பட்டாசுச் சீட்டில் வந்த பெட்டியைத் திண்ணையில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். மாதாமாதம் கட்டிய சீட்டுக்கு ஒரு பெட்டி பட்டாசும், ஒரு கிலோ இனிப்பும், எவர்சில்வர் டப்பா ஒன்றும் வந்திருந்தன. எட்டாவது படிக்கிற பெண். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் என்று வரிசையாக அடுக்கிவிட்டு ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே பச்சை முத்திரையும் பக்கத்தில் க்யூ ஆர் கோடும் இருந்தன.

"மாமா, இது பசுமைப் பட்டாசுங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்படீன்னா பச்சையா எரியுமுங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. புகை குறைவாக வரும்படி சட்டப்படி செய்த பசுமைப் பட்டாசில் இருக்கக்கூடாத பொருளே, பட்டாசுக்குப் பச்சை நிறம் கொடுக்கிற பொருள்தான். அதைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வரியில் சொல்ல வரவில்லை. எனக்கே அது புரிவதற்கு இருபத்தைந்து வருடம் ஆனது.

நான் ஈரோடு மாவட்டத்தில் கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற போர் மோட்டாரின் காயில், அதாவது தாமிரக் கம்பிச் சுருள், எரிந்துபோனால் பிரித்துக் கட்டிக் கொடுப்பது தொழில். வேதியியல் படித்தது பிளஸ் டூவோடு சரி. ஆனால் பச்சைத் தீயின் மேல் ஒரு பைத்தியம் உண்டு. இருபது வயதில், சொந்தமாக ஒரு பச்சை வாணம் செய்து ஊர்க் கோயில் திருவிழாவான நோம்பியில் விட வேண்டும் என்று ஆசைப்பட்டவன். செய்யவில்லை. செய்யாமல் போனதற்கு ஒரு மனிதர் காரணம், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பைத்தியம் பிடித்த இடம் பள்ளிக்கூட ஆய்வகம். உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு செய்முறை. ஆளுக்கொரு பொட்டலம் வெள்ளை உப்பைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சுடர் சோதனைக்கு, உப்பைக் கடிகாரக் கண்ணாடியில் போட்டு, இரண்டு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குழைத்து, கம்பி நுனியில் தொட்டுப் பன்சன் சுடரில் காட்ட வேண்டும். என்ன நிறம் வந்தால் என்ன உப்பு என்று மனப்பாடம் செய்திருப்போம். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பு, தாமிரம் நீலம் கலந்த பச்சை, பேரியம் ஆப்பிள் பச்சை.

ஆப்பிள் பச்சை என்று நோட்டில் எழுதினோமே தவிர, பச்சை ஆப்பிளை அன்றைக்கு எங்களில் ஒருவனும் கண்டதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கடைக்கு வந்த ஆப்பிள் எல்லாம் சிவப்பு. கொய்யாக்காய்ப் பச்சை என்று எழுதியிருந்தால் புரிந்திருக்கும். எனக்குக் கிடைத்த பொட்டலம் பேரியம். கம்பியைக் காட்டினேன். முதலில் மஞ்சள். ஒரு விநாடி கழித்து அந்த மஞ்சள் ஒதுங்கிக்கொள்ள, சுடரின் நடுவிலிருந்து மெல்லிய வெளிர் பச்சை எழுந்தது, நாற்றங்காலில் முளைத்து ஒரு வாரமான நெல்லின் நிறத்தில். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவனுக்குப் பச்சை ஒன்றும் புதிதில்லை, கண்ணைத் திறந்தால் பச்சைதான். ஆனால் நெருப்பில் பச்சை என்பது வேறு.

அன்றைக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு: அந்த அமிலம் எதற்கு? சொன்னார்கள், விட்டோம். வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, பச்சை வாணத்தின் ரகசியம் முழுவதும் அந்த இரண்டு சொட்டில் இருக்கிறது என்று. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்பைக் குளோரைடாக மாற்றுகிறது. குளோரைடு சுலபமாக ஆவியாகும். ஆவியானால்தான் சுடருக்குள் நிறம் வரும். அதற்கும் மேலாக, பேரியத்தின் நல்ல பச்சையைக் கொடுப்பது பேரியம் தனியாக அல்ல, ஒரு பேரியமும் ஒரு குளோரினும் ஒட்டிக்கொண்ட ஒரு மூலக்கூறு. பேரியம் மோனோகுளோரைடு என்பார்கள். இது கடையில் கிடைக்காது, பாட்டிலில் அடைக்க முடியாது. சுடர் எரிகிற அந்த நேரத்துக்கு மட்டும் இருக்கும். ஆறினால் இன்னொரு குளோரினைப் பிடித்துக்கொண்டு சாதாரண பேரியம் குளோரைடு ஆகிவிடும்.

ஆக, வானத்தில் நாம் பார்க்கும் பச்சை, ஓரிரு விநாடி வாழ்கிற ஒரு பொருளின் நிறம். அதன் ஒளி ஏறக்குறைய 505 முதல் 535 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் விழுகிறது. சூடு குறைந்தால் போதுமான அளவு ஆவியாகாது. கூடிப்போனால் இந்த ஜோடி பிய்ந்துவிடும். குளோரின் பற்றாமல் ஆக்சிஜன் முந்திக்கொண்டால் பேரியம் ஆக்சைடு உண்டாகி, பழுத்த இலை மாதிரி ஒரு மஞ்சள் வெளுப்பு வரும். வெளிச்சம் கூட வேண்டுமென்று உலோகத் தூளை அதிகம் போட்டால் அதன் வெள்ளை வெளிச்சத்தில் பச்சை கரைந்துபோகும். தொழில்காரர்கள் நீலம்தான் ஆகக் கஷ்டம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீலம் வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. பச்சை வரவில்லை என்றால் குழந்தைகூடக் கேட்கிறது.

அந்த முதல் விநாடி மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சோடியம். 589 நானோமீட்டரில் எரிகிற அந்த மஞ்சளுக்கு எந்த நிறத்தையும் மூடுகிற வலு உண்டு. கம்பியைக் கையால் தொட்டிருந்தால் விரல் வியர்வையின் உப்பு போதும். எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் கழுவினால் கேட்கவே வேண்டாம், கழுவாமலே விட்டிருக்கலாம்.

இந்த விஷயம் புரியாமல்தான் நான் உரக்கடையில் ஏமாந்தேன். ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, என் அரைகுறை அறிவு. போரான் பச்சையாக எரியும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பேரியத்துக்கு லைசென்ஸ், விஷம் என்று ஆயிரம் தொந்தரவு, போரானுக்கு அதெல்லாம் இல்லை. பொள்ளாச்சியில் தென்னை வைத்திருக்கும் எங்கள் பெரியப்பா, குருத்து விரியாமல் சுருண்டுகொள்கிற மரங்களுக்குப் போராக்ஸ் வைப்பார். போரான் பற்றாக்குறைக்கு அது மருந்து. சரி, வேலை முடிந்தது என்று கால் கிலோ வாங்கி வந்து, ஒரு சிட்டிகையைக் கம்பியில் எடுத்துப் பட்டறை கேஸ் டார்ச்சில் காட்டினேன். கண் கூசுகிற மஞ்சள். இன்னொரு சிட்டிகை எடுத்தேன், அதுவும் மஞ்சள். கலப்படம் என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். போராக்ஸ் என்பதே சோடியம் போரேட். பச்சை உள்ளே இருக்கிறது, சோடியம் அதை வெளியே தலைகாட்ட விடவில்லை. தென்னைக்கு அது ஒரு பொருட்டில்லை. எனக்குத்தான்.

சோடியம் இல்லாத போரான் வேண்டுமென்றால் போரிக் அமிலம். அது மருந்துக்கடையில் கிடைக்கும், கேரம் போர்டிலும் கிடைக்கும். ஸ்ட்ரைக்கர் வழுக்குவதற்குத் தூவுகிற அந்தப் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம்தான், இப்போது சில டப்பாக்களில் வேறு ஏதேதோ கலக்கிறார்கள். டார்ச்சில் காட்டியபோது சுடரின் ஓரத்தில் மட்டும் பச்சை தெரிந்தது, உடம்பெல்லாம் வேறு நிறம், புடவைக்குக் கரை கட்டின மாதிரி. போரான் எரிந்து உண்டாகும் ஆக்சைடின் பச்சை அது. அழகுதான். வானத்தில் நூறடி தூரத்திலிருந்து பார்த்தால் தெரியுமா என்றால் தெரியாது. பேரியத்தின் ஆழம் அதற்கு இல்லை.

போரானை முறையாகப் பயன்படுத்தப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வாளர்கள் 2011-இல், பேரியமே இல்லாத பச்சைச் சமிக்ஞை வாணம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்தது போரான் கார்பைடு, உளிக்குச் சாணை பிடிக்கிற சாதாரணக் கல்லைவிடவும் கடினமான பொருள். ராணுவம் பேரியத்தை விடப் பார்த்ததற்குக் காரணம், பயிற்சி மைதானத்து மண்ணிலும் தண்ணீரிலும் அது சேர்கிறது என்பது. பட்டாசில் பேரியத்தைத் தடுத்த நம் நாட்டு உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டதும் கிட்டத்தட்ட அதே விஷயத்துக்குத்தான், காற்றில்.

இடையில் தாலியத்தையும் சொல்லிவிடுகிறேன். 1861-இல் வில்லியம் குரூக்ஸ் என்பவர், ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டுகிற நிறமாலைக் கருவியில் யாரும் பார்த்திராத ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தார். புதுத் தனிமம் என்று தெரிந்து, கிரேக்க மொழியில் இளந்தளிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். இருப்பதிலேயே சுத்தமான பச்சை அதுதான். கொடிய விஷமும் அதுதான். அதனால் எந்த வாணக்காரனும் அதைத் தொடுவதில்லை.

இனி தாமிரம். இதை நான் தேடிப் போகவே வேண்டியதில்லை, தொழிலே தாமிரம்.

போர் மோட்டாருக்குள் தண்ணீர் நிற்கும். அதனால் அதன் வைண்டிங் ஒயர் வார்னிஷ் பூசின ஒயர் இல்லை, பிவிசி உறை போட்ட ஒயர். மோட்டார் எரிந்து வந்தால் காயில் தலையை வெட்டி ஒயரை உருவுவோம். பழைய தாமிரம் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகும். உறையோடு போட்டால் ஒரு விலை, உறையை உரித்துப் போட்டால் கூட விலை. உரிக்கப் பொறுமையில்லாத பையன்கள் என்ன செய்வார்கள்? குவித்துப் போட்டுக் கொளுத்துவார்கள். தொழில் பழகின பட்டறையில் நானும் கொளுத்தியிருக்கிறேன்.

ஒரு மழைக்கால சாயங்காலம், பட்டறைக்குப் பின்னால் கள்ளிவேலி ஓரம். சணல் சாக்கும் கொஞ்சம் டீசலும் போட்டுப் பற்ற வைத்தேன். முதலில் கரும்புகை, சாதாரண ஆரஞ்சுத் தீ. அப்புறம் குவியலின் அடியிலிருந்து, ஒயர் முனைகள் சிவந்து தெரிகிற இடத்தில், பச்சை நாக்கு ஒன்று கிளம்பியது. ஓரத்தில் நீலம், நடுவில் மயில் கழுத்து. காற்று வீசும்போது மறைந்து, நின்றதும் மறுபடி வந்தது. புகையை மறந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்டையில் கம்பியை விட்டுச் சுரண்டின மாதிரி எரிந்தபோதுதான் நினைவு வந்தது. ஓனர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து ஊற்றிவிட்டு, "ஏப்பா, காசுக்காக நெஞ்சக் கொளுத்திக்குவியா?" என்றார். இரண்டு நாள் இருமினேன்.

அந்தப் பச்சை எப்படி வந்தது? பிவிசியில் குளோரின் இருக்கிறது, ஒயரில் தாமிரம் இருக்கிறது. அதே ஆய்வகக் கதை, அமிலத்துக்குப் பதில் பிளாஸ்டிக். 1872-இல் பெயில்ஸ்டைன் என்கிற வேதியியலாளர் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்: சூடாக்கின தாமிரக் கம்பியால் ஒரு பொருளைத் தொட்டுச் சுடரில் காட்டு, பச்சை வந்தால் அதில் குளோரின் வகையறா இருக்கிறது. நான் சாக்கும் டீசலும் போட்டுச் செய்தது பெயில்ஸ்டைன் சோதனை, அதன் பெயர் தெரியாமல். தொண்டையைப் பிடித்தது ஹைட்ரஜன் குளோரைடு. தாமிரமும் குளோரினும் சேர்ந்த புகையில் டையாக்சின் என்ற, உடம்பை விட்டு வருடக்கணக்கில் போகாத நஞ்சும் உண்டாகும். இன்றைக்கும் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் ஒயர் கொளுத்துகிற பச்சை தெரிந்தால் வண்டியை வேறு வழியில் திருப்பிவிடுவேன். என் பட்டறையில் ஒயரை உரித்துத்தான் போடுகிறோம்.

அப்படியானால் தாமிரத்தை வைத்தே பச்சை வாணம் செய்யலாமே? இதில்தான் வேடிக்கை. குளோரின் கூடக் கூடத் தாமிரம் நீலத்துக்குப் போய்விடும். பச்சை, தாமிரமும் ஹைட்ராக்சிலும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிய ஜோடி) சேர்ந்தால் வருவது. தாமிரமும் குளோரினும் சேர்ந்தால் நீலம். இரண்டும் ஒரே சுடரில் இழுபறி செய்வதால்தான் அந்த மயில் கழுத்து. அதனால் வாணத் தொழிலில் தாமிரத்தை நீலத்துக்கு வைத்துக்கொண்டு, பச்சையைப் பேரியத்திடம் விட்டுவிட்டார்கள். இன்னொன்று, இதை யோசிக்கிற எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்துக்கு வாங்கி வீட்டு மூலையில் மீதி கிடக்கும். அது, வாணத்தில் ஆக்சிஜன் கொடுக்கப் போடுகிற குளோரேட் உப்போடு சேர்ந்தால், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளக்கூடிய ஜோடி. மூலையில் கிடக்கிறதே என்று எடுக்கிற பொருள் அல்ல.

சொல்கிறேன் என்ற மனிதருக்கு வருகிறேன். பக்கத்து ஊர் அம்மன் கோயில் நோம்பிக்கு வருடாவருடம் வாணவேடிக்கைக்கு வருகிற பெரியவர். லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்தவர். வாணம் கட்டி முடித்துக் கொட்டகைக்கு வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா என்று போய் நின்றேன். பச்சைக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "பச்சை உப்பு" என்றார். பேரியம் நைட்ரேட்டை அவர் அப்படித்தான் சொன்னார். பச்சை உப்பு பார்ப்பதற்கு வெள்ளையாகத்தான் இருக்கும். எவ்வளவு என்று கேட்க ஓரடி முன்னால் வைத்தேன்.

"அங்கேயே நில்லுங்க தம்பி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். அந்த வருடம் எல்லாரும் போட்டுக்கொண்ட பளபள பாலியஸ்டர் சட்டை. "இந்தச் சட்டையில ஒரு பொறி இருக்குது. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கிட்ட வேலை செய்யறவன் கதர் வேட்டியில வருவான். உள்ள வர்றதுக்கு முந்தி செப்புத் தகட்டத் தொட்டுட்டு வருவான். நீங்க சட்டையே தெரியாம அளவு கேக்கறீங்க."

அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். நான் நோட்டை மூடிக்கொண்டு திரும்பினேன். மின்சாரத் தொழில் பழகுகிறவன் நான், நிலைமின்னூட்டம் பற்றிப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறித்ததை இருட்டில் பார்த்தேன். அதற்கு முன்னாலும் தினமும் தெறித்திருக்கும்.

சட்டமும் அதே இடத்தில் கோடு போட்டிருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டமும் 2008-இன் விதிகளும் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு தயாரிக்க விடாது. பொழுதுபோக்குக்கு என்றால் விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையை 1992-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், அது தட்டினாலும் உரசினாலும் வெடிக்கும் என்பதால். அமெரிக்காவில் அரசு அனுமதி வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காகவே வாணம் செய்கிற சங்கங்கள் இருக்கின்றன. மால்டா தீவில் நம் நோம்பி மாதிரியே ஊருக்கு ஊர் மாதா கோயில் திருவிழா, வாணம் செய்வது சம்பளத்துக்கு அல்ல, ஊர்க்காரர்களே ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். அந்தப் பெருமையைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கும். அடுத்த பக்கத்திலேயே அங்கே நடந்த விபத்துகளின் கதை வரும்.

சரி, பசுமைப் பட்டாசுக்கு வருவோம். 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார்கள், எங்களுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும் என்று. அந்த வழக்கில் 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பு சரவெடியைத் தடுத்தது, பேரியம் உப்புகளையும் தடுத்தது. 2021 அக்டோபரில் அதையே அழுத்திச் சொன்னார்கள். அளவைக் குறைத்துப் பேரியம் சேர்த்துக்கொள்கிறோம் என்று உற்பத்தியாளர்கள் கேட்டதை 2023 செப்டம்பரில் மறுத்தார்கள். நாக்பூரில் இருக்கிற நீரி என்கிற அரசு ஆய்வு நிறுவனம் புகையை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைக்கிற கலவைகளை உருவாக்கியது. அதற்குத்தான் பச்சை முத்திரை. தமிழ்நாட்டில் வெடிக்கிற நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.

பேரியத்தின் மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்றால், இரண்டு காரணம். ஒன்று, அது பச்சைக்கு மட்டும் போவதில்லை. பேரியம் நைட்ரேட் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கிற உப்பு. வெள்ளைப் பொறி விடுகிற சாதாரணக் கம்பி மத்தாப்பிலும் அதுதான் காலங்காலமாக வேலை செய்தது. பச்சை நிறமே இல்லாத பட்டாசிலும் பச்சை உப்பு. இரண்டாவது, தண்ணீரிலோ வயிற்று அமிலத்திலோ கரைகிற பேரியம் எதுவும் விஷம். ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைக் கீழே இறக்கி, தசையைத் தளரவிட்டு, இதயத்தைத் தடுமாற வைக்கும். பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாக வைத்திருந்த காலம் உண்டு.

ஆனால் இதே பேரியத்தை எங்கள் அப்பா ஒரு தம்ளர் நிறையக் குடித்திருக்கிறார். கோயமுத்தூரில் வயிற்று எக்ஸ்ரேக்கு முன்னால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். வெளியே வந்து, "மாவுத் தண்ணி மாதிரி இருந்துது, சர்க்கரை போட மறந்துட்டாங்க" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தால் பேரியம் சல்பேட். எனக்கு ஒரு நிமிடம் கை நடுங்கிவிட்டது. பிறகுதான் தெளிந்தேன்: சல்பேட் தண்ணீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது, வந்த வழியில் வெளியே போய்விடும். பாரைட்டீஸ் என்ற கனமான கல்லாக மண்ணுக்குள் கிடப்பதும் அதுதான், ஆந்திராவில் மங்கம்பேட்டையில் மலை மலையாக. பேரியம் என்ற பெயரே கிரேக்கத்தில் கனம் என்ற சொல்லிலிருந்து வந்தது. 1808-இல் ஹம்ப்ரி டேவி அதைத் தனியாகப் பிரித்தார்.

இப்போது யாராவது பட்டாசு வாங்கி வந்து, அது நல்ல பச்சையாக வெடித்தது என்று சந்தோஷமாகச் சொன்னால், எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். அந்தக் கொய்யாக்காய்ப் பச்சை பேரியத்தைத் தவிர வேறு எதிலும் அவ்வளவு சுலபத்தில் வராது. கையில் கம்பியோ நிறமாலைக் கருவியோ வேண்டாம், கண்ணே போதும். சென்னிமலைக்குப் பக்கத்தில் வெள்ளோடு குளத்தைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. வலசை வருகிற பறவைகள் பயந்து கலையக்கூடாது என்று பல வருடமாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. புதுத்துணி, பலகாரத்தோடு சத்தமில்லாத தீபாவளி. என்னால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை.

தங்கை மகளுக்கு வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தோன்றியது. தீபாவளி கழிந்த அடுத்த வாரம், வேதியியல் வாத்தியாராக இருக்கிற கூட்டாளியிடம் அழைத்துப் போனேன். அவர் ஆய்வகத்தில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போரிக் அமிலமும் கொஞ்சம் மெத்தனாலும் எடுத்துக்கொண்டார். மெத்தனால் புட்டியை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்ட பிறகுதான் தீக்குச்சியைத் தொட்டார். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து எரிகிற கிண்ணத்தில் புட்டியிலிருந்து ஊற்றிக் கருகினவர்கள் உண்டு என்று சொல்லிக்கொண்டே எங்களை நாலடி தள்ளி நிறுத்தினார். மெத்தனாலும் போரிக் அமிலமும் சேர்ந்தால் ஆவியாகிற ஒரு எஸ்டர் உண்டாகும். பேரியத்துக்குக் குளோரின் செய்கிற வேலையை இங்கே மெத்தனால் செய்கிறது.

உதவியாளர் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார். பற்றியதும் முதலில் லேசான நீலம். அப்புறம் ஓரத்திலிருந்து பச்சை ஏறி வந்து, கிண்ணம் முழுக்கப் பச்சையாகி, நாலைந்து விரல் உயரத்துக்குச் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. டார்ச்சில் எனக்கு ஓரத்தில் மட்டும் தெரிந்த அதே கரை, இங்கே புடவை முழுக்க. அவள் முகத்திலும் வாத்தியார் கண்ணாடியிலும் பச்சை அடித்தது.

"மாமா, இது பெரியப்பா தாத்தா தென்னைக்கு வைக்கிறதுங்களா?"

"அதோட பங்காளி கண்ணு."

அது எரிந்து தீர்ந்து, கிண்ணத்தில் வெள்ளைப் பொடி மட்டும் மிஞ்சியது. உதவியாளர் ஸ்விட்ச்சில் கை வைத்தார். "லைட் போடாதீங்கண்ணா" என்றாள், "கிண்ணம் ஆறட்டும், இன்னொருக்கா பாக்கலாம்."